ஆடிட் அன்று திறந்த அறை

அன்புள்ள சதீஷுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, அதை உன் அப்பா மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம களிதான்டி இது, வெள்ளையா இருக்கு, அவ்ளோதான்" என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தார். கென்யா என்ற பெயரைக் கேட்ட நாளிலிருந்து நீ அங்கே என்ன சாப்பிடுவாய் என்பதுதான் அவருக்குக் கவலை. என் கவலை வேறு. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எங்கள் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் மாதாமாதம் கன்னடத்திலும் தமிழிலுமாக நாலு பக்கம் அச்சடித்து ஃபேக்டரி கேட்டில் கொடுக்கிறார்கள் அல்லவா, அதற்கும் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். ஆகவே இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் உள்ளே போகிற வரிசையில் நின்றுகொண்டு, "போதும்மா. இந்த மாசத்தோட வேலைய விட்டுடு. நான் இருக்கேன்ல" என்றாய். நான் தலையாட்டினேன். சம்மதித்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். அப்பா பக்கத்தில் இருந்தார், வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள் காலில் இடித்தார்கள், அங்கே நின்று பேசுகிற பேச்சு இல்லை அது. நான் வேலையை விடப் போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நீ கிளம்பியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். நீ வெளி அறையில் உட்கார்ந்து, உனக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போய்விட்ட உன் ஆபீஸ் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தாய். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டர்களை அனுப்புகிறது, ஃபேக்டரி சட்டப்படி நடக்கிறதா, தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா, வேலைக்கு வரும் பெண்கள் குழந்தைகளை விட க்ரெச் இருக்கிறதா என்று பார்க்க. அதற்குத் தயார் செய்வதுதான் உன் புது வேலை. "மச்சான், அந்த க்ரெச் ரூமுக்கு முதல்ல பெயிண்ட் அடிச்சிடு. கொஞ்சம் பொம்மை வாங்கிப் போடு. நாலஞ்சு லேடீஸ்கிட்ட சொல்லி அன்னைக்கு மட்டும் குழந்தைங்கள எடுத்துட்டு வரச் சொல்லு. நல்லா பேசறவங்களா பாத்து வை, என்ன சொல்லணும்னு நான் வந்து டிரெயின் பண்ணிக்கறேன்" என்றாய். அவன் ஏதோ சொன்னான் போல. "எல்லா ஊர்லயும் இதாண்டா" என்று சிரித்தாய். என் கை அப்படியே நின்றுவிட்டது. என் பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. "அன்னைக்கு மட்டும்" கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் ஒருவன்தான் இவன், அது இவனுக்கே தெரியாது என்று நினைத்தேன்.

உனக்கு ஒரு நினைவு உண்டு. சின்ன வயதில் அம்மாவின் ஃபேக்டரியில் சிவப்பு நிற மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினாய், ஒரு ஆயா பிஸ்கெட் கொடுத்தாள், சுவரில் யானை வரைந்திருந்தது. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய். இந்தக் கம்பெனி இன்டர்வியூவில்கூட, "நான் கார்மெண்ட்ஸ் க்ரெச்ல வளர்ந்த பையன் சார்" என்று சொன்னதாக வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார் அப்பா, அதைப் பிட்டு உன் வாயில் வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன். நீ அந்த க்ரெச்சில் வளரவில்லை, சதீஷ். அங்கே ஒரே ஒரு நாள் இருந்தாய்.

நானும் அப்பாவும் கிருஷ்ணகிரியிலிருந்து பொம்மனஹள்ளிக்கு வந்தபோது அவருக்கு டெம்போ ஓட்டும் வேலை, எனக்கு ஓசூர் ரோட்டில் ஒரு சட்டை ஃபேக்டரியில் ஹெல்பர் வேலை. ஆறே மாதத்தில் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். காலர் வைப்பது என் வேலை. அந்தக் காலத்தில் "கோட்டா" என்ற வார்த்தையை அடிக்கடி கேட்போம். இந்த நாட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு இவ்வளவு துணிதான் வரலாம் என்று பணக்கார நாடுகள் அளவு வைத்திருந்தன. அது தீர்ந்துவிட்டால், "கோட்டா முடிஞ்சிது, சொல்லி அனுப்பறோம்" என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்போம். பிறகு ஒரு நாள் அந்த அளவே இனி கிடையாது என்று அறிவித்தார்கள். ஃப்ளோரில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். மேனேஜர் மைக் பிடித்து, இனி உலகமே நமக்குச் சந்தை என்று கன்னடத்தில் பேசினார். நாங்கள் கைதட்டினோம். நான் மனசாரத்தான் தட்டினேன், அதை இப்போது மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் அவர் சொன்னது பொய்யாகவில்லை. வேலை நிற்கவே இல்லை. ஹொங்கசந்திரா, கூட்லு, ஹெப்பகோடி என்று எங்கே பார்த்தாலும் புதுசு புதுசாக ஃபேக்டரி. காலையில் ரோட்டின் இரண்டு பக்கமும் டிபன் பையோடு பெண்கள் நடந்து போவார்கள், பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப்போவார்கள். மாமியாரிடம் கேட்காமல் ஒரு புடவை எடுக்க முடிந்தது. உன்னைப் பள்ளியில் சேர்க்க நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அதைக் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கதவு திறந்தது எங்களுக்கு மட்டும் இல்லை என்று சீக்கிரமே புரிந்தது. இதே சட்டையை இன்னும் குறைந்த விலைக்குத் தைத்துத் தருகிறோம் என்று வேறு நாட்டு முதலாளிகளும் வந்து நின்றார்கள். வாங்குகிற கம்பெனி விலையைக் குறைத்தது. எங்கள் முதலாளியால் துணி விலையைக் குறைக்க முடியவில்லை, கரண்ட் பில்லைக் குறைக்க முடியவில்லை. எங்கள் நேரத்தைத்தான் பிடித்து இழுத்தார். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போவதாகக் கார்டு அடித்துவிட்டு, மறுபடி வந்து மெஷினில் உட்கார்ந்து டார்கெட்டை முடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும் என்று குடிக்காமலே இருப்போம்.

எனக்கு அடுத்த மெஷினில் ரத்னம்மா உட்கார்ந்திருந்தாள். கனகபுரா பக்கத்துப் பெண். கன்னடமும் எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழும் கலந்து பேசுவாள். கை மடிப்புப் பட்டையை அவளைப்போல யாராலும் தைக்க முடியாது. பிரசவம் முடிந்து திரும்பி வந்தபோது அவள் குழந்தைக்கு நாலு மாதம். மதியத்துக்கு மேல் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் துடிப்பாள். பாத்ரூமில் போய்ப் பிழிந்து கொட்டிவிட்டு வருவாள். அதற்கும் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான். ஃபேக்டரியில் க்ரெச் என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, வெளியே பூட்டு. ரத்னம்மா இரண்டு தரம் போய்க் கேட்டாள். "ஆள் போடணும், பாக்கலாம்" என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஹெச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "புதன்கிழமை ஆடிட் இருக்கு. நீ பயப்படாம பேசறவ. உன் பையனுக்கு நாலு வயசுதானே, அன்னைக்கு அவனைக் கூட்டிட்டு வந்துடு" என்றாள். கேள்வியும் பதிலும் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து இரண்டு தரம் படித்துக்காட்டச் சொன்னாள். இது ரத்னம்மாவுக்குத் தெரிந்து அவளும் மேடத்திடம் போனாள். "என் பாப்பாவையும் எடுத்துட்டு வரட்டா மேடம்?" "கைக்குழந்தை வேண்டாம்மா, அழும்" என்று சொல்லிவிட்டாள் மேடம்.

புதன்கிழமை காலையில் உனக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, தீபாவளிச் சட்டையை மாட்டிக் கூட்டிப்போனேன். அட்டைப்பெட்டிகளைக் காணோம். சுவரில் யானை, தரையில் பாய், மூலையில் அந்தச் சைக்கிள். உன்னைத் தவிர இன்னும் மூன்று குழந்தைகள். அதற்கு முன்னால் நான் பார்த்தே இராத ஒரு ஆயா. நீ சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவன், சாப்பிடக்கூட இறங்கவில்லை. நான் மெஷினில் இருந்தபடியே கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை நான் வேலை செய்கிற இடத்தில், என் கண் எதிரில் விளையாடுகிறான். அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் எனக்கு வாய்த்ததில்லை.

ஆடிட்டர் ஒரு சின்னப் பெண். சென்னைத் தமிழ் பேசினாள். க்ரெச்சுக்கு எதிரே மேஜை போட்டு, ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். ரத்னம்மா போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் தாளில் இருந்தபடியே சொன்னேன். கடைசியாக அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அந்த க்ரெச் தினமும் திறந்திருக்கா? இன்னைக்குத்தான் திறந்தாங்கன்னு ஒருத்தங்க சொல்றாங்க. பேர் வெளிய வராது, பயப்படாதீங்க" என்றாள். பேனாவை மூடி வைத்துக் கேட்டாள் பார், அதிலேயே அவள் நல்ல மாதிரி என்று எனக்குத் தெரிந்தது. "தினமும் திறந்திருக்கும் மேடம். என் பையன் தினமும் இங்கதான் இருப்பான். அதோ பாருங்க" என்று கையை நீட்டினேன். நீ எங்களைப் பார்த்துவிட்டாய். "அம்மா, பாரு!" என்று ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டிக் காண்பித்தாய். அந்தப் பெண் சிரித்தாள். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நீ எனக்கு முன்னால் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். "இன்னைக்கு லீவுடா கண்ணு" என்றேன். ஒரு வாரம் போல "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். அறையில் அட்டைப்பெட்டிகள் திரும்ப வந்துவிட்டன. ஆடிட்டரிடம் உண்மையைச் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க மேடத்துக்கு நேரம் ஆகவில்லை. கைக்குழந்தைக்காகக் கேட்டுக்கொண்டு வந்தவள் ஒருத்திதானே. ரத்னம்மாவை மெஷினிலிருந்து எழுப்பி, நாள் முழுக்க நின்றுகொண்டே நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பினார்கள். எதற்கெடுத்தாலும் திட்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஊரில் இருந்த அக்காவிடம் கொண்டுபோய் விட்டாள். ஒரு மாதத்துக்குள் வேலை வேண்டாம் என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஆக்கினார்கள். கடைசி நாள் கேட்டில் என்னைப் பார்த்து, "நீனு சுள்ளு ஹேளிதெ" என்றாள். நீ பொய் சொன்னாய் என்று அர்த்தம். கத்தவில்லை, அழவில்லை. டிபன் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்து போனாள். அடுத்த மாதம் எனக்கு, தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கர் வேலை கொடுத்து உயர்த்தினார்கள்.

பயத்தில் சொல்லிவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். மேடத்துக்கு என் மேல் நல்ல அபிப்பிராயம் வரும் என்ற கணக்கும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. சரியாகச் சொன்னால் உனக்கு அந்தச் சைக்கிள் இன்னொரு நாள் கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. என் குழந்தைக்கு ஒரு நாள் கிடைப்பதற்காக அவள் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதைக் கெடுத்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அறை நிச்சயம் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் தனியாக நின்றிருக்க மாட்டாள்.

பதினான்கு வருஷம் கழித்து அந்த ஃபேக்டரியை மூடினார்கள். ஒரு காலை போய்ப் பார்த்தால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, உள்ளே லாரியில் மெஷின் ஏற்றுகிறார்கள். பெங்களூரில் அரசாங்கம் வைத்த கூலி அதிகம், தாலுக்கா ஊர்களில் குறைவு, அதனால் அங்கே கொண்டுபோகிறோம் என்றார்கள். வெளிநாட்டிலும் ஒரு யூனிட் திறக்கப் போவதாகப் பேச்சு. நீ அப்போது பி.யூ.சி. முடித்திருந்தாய். அம்மாவுக்கு வேலை போய்விட்டது என்பது மட்டும் உனக்குத் தெரியும். நாங்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் சங்கத்துக்காரர்களோடு ஒரு பெண் வந்து இறங்கினாள். தலை நரைத்திருந்தது, ஆனால் அந்த நடை எனக்குத் தெரியாதா. ரத்னம்மா.

அன்று மதியம் அவள் தனியாக நின்றபோது போய்ச் சொன்னேன். தாளைப் படித்தது, கையை நீட்டியது, செக்கர் வேலை, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியும்டி. அன்னைக்கே தெரியும். என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றே? நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னா உனக்குத் தூக்கம் வரும். என் பொண்ணு இன்னும் எங்க அக்காவைத்தான் அம்மான்னு கூப்பிடறா. என்னை ரத்னக்காங்கறா" என்றாள். அவளே தொடர்ந்தாள். "நாளைக்கு லேபர் ஆபீஸ்ல விசாரணை. கார்டு அடிச்சப்புறம் வாங்கின வேலை, பூட்டின க்ரெச், அதெல்லாம் இல்லவே இல்லைனு கம்பெனில எழுதிக் கொடுத்திருக்காங்க. அங்க வந்து சொல்லு. அவங்க எதிர்ல சொல்லு."

போனேன். அதே ஹெச்.ஆர். மேடம் எதிர் நாற்காலியில் இருந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டேதான் பேசினேன். கார்டு அடித்த பிறகு வேலை வாங்கியதைச் சொன்னேன். க்ரெச் ஆடிட் அன்று மட்டும் திறந்ததைச் சொன்னேன். என் பிள்ளையைக் கூட்டிவந்து ஆடிட்டரிடம் பொய் சொன்னவள் நான்தான் என்றும் சொன்னேன். கம்பெனி வக்கீல், "இத்தனை வருஷம் ஏம்மா சொல்லலே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "அப்ப எனக்கு வேலை இருந்துச்சு சார். அது போயிடுமோன்னு பயம். இப்ப அதை நீங்களே எடுத்துட்டீங்க" என்றேன். அதிகாரி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். ஃபேக்டரி திரும்பத் திறக்கவில்லை. ஆனால் இல்லை, கிடையாது என்று இழுத்தடித்த பாக்கிப் பணத்தை எட்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் சங்கத்தில் இருக்கிறேன். ரத்னம்மா இன்றுவரை நம் வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. மீட்டிங்கில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறாள், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "போடு. என் பொண்ணைப் பத்தியும் போடு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் சேர்ந்ததுதான் இப்போதிருக்கும் ஃபேக்டரி. உன் கம்பெனியின் ஃபேக்டரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் பயோடேட்டாவை ஹெச்.ஆரில் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். அங்கே க்ரெச்சுக்காகப் பதினொரு பெண்கள் கையெழுத்துப் போட்டோம், திறக்கவும் வைத்தோம். உண்மையாகவே தினமும் திறந்திருந்தது. பிறகு அமெரிக்கா நம் சரக்கின் மேல் வரியை ஏற்றியது. லைன்கள் பாதி காலியாயின. செலவைக் குறைக்க வேண்டும் என்று முதல் வேலையாக ஆயாவை நிறுத்தி அந்த அறையைத்தான் பூட்டினார்கள். நாங்கள் தைக்க வேண்டிய ஆர்டர் வரி குறைவான கென்யாவுக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே நீயும் போயிருக்கிறாய். இப்போது வேறு நாடுகளோடு ஒப்பந்தம் போடுகிறோம், வரி போய்விடும், ஆர்டர் கொட்டும் என்கிறார்கள். கொட்டட்டும். வியாபாரம் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். கடல் தாண்டிப் போன சட்டைதான் உன்னைப் படிக்க வைத்தது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "நாங்க இப்படிச் செய்யலேன்னா ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிடும்மா, அந்தப் பொண்ணுங்களுக்கு வேலையே இருக்காது." இருக்கலாம். இருபது வருஷமாக இதை ஒவ்வொரு மேனேஜர் வாயாலும் கேட்டிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஃபேக்டரியிலிருந்தும் ஆர்டர் போகத்தான் செய்தது. எங்கள் பொய் அதை ஒரு நாள்கூடப் பிடித்து நிறுத்தவில்லை. ஆகையால் அந்தக் கணக்கை என்னிடம் சொல்லாதே. பெயிண்ட் அடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. பொம்மை வாங்கு. ஆடிட் முடிந்த மறுநாளும் கதவைத் திற. ஒரு ஆயாவைச் சம்பளத்துக்கு வை. கைக்குழந்தை அழும், அழட்டும். மேலே இருக்கிறவர்கள் முடியாது என்றால், க்ரெச் இல்லை என்று ஆடிட்டரிடம் உன் கையாலேயே எழுதிக் கொடு. எந்தப் பெண்ணிடமும் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. அவள் அதை எத்தனை வருஷம் சுமப்பாள் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இனி என் வேலை விஷயம். இங்கேயும் திங்கட்கிழமை ஆடிட். ஆடிட்டரிடம் பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, பிள்ளையின் வேலைக்காக அடங்கிப் பேசுவாள் என்ற கணக்கில். நான் விட்டுவிட்டுப் போனால் அந்த இடத்துக்கு மகாதேவியைப் போடுவார்கள். ராய்ச்சூரிலிருந்து வந்த பெண், ஏழு மாதக் குழந்தை, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலியில் அவளை உட்கார வைக்க மாட்டேன். வியாழக்கிழமை ஹெச்.ஆர். தம்பி என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். "அம்மா, உங்க பையன் நம்ம ஆளு. இப்பதான் நல்ல பொசிஷன்ல அனுப்பியிருக்கோம். பாத்துப் பேசுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். டீயைக் குடித்துவிட்டு, "சரிப்பா, பாத்துத்தான் பேசுவேன்" என்று எழுந்து வந்தேன்.

அறை பூட்டியிருக்கிறது என்று சொல்லப் போகிறேன். எந்த மாதத்திலிருந்து என்றும் சொல்வேன். உன் பெயரை நான் எடுக்க மாட்டேன், அவர்கள் எடுக்கலாம். உன் மேலதிகாரி உனக்குப் போன் செய்து அம்மாவிடம் பேசு என்று சொல்லலாம். உன் வேலைக்கே ஆபத்து வரலாம். இதை யோசிக்காமல் எழுதவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசினேன். அவர், "அவன் திரும்பி வந்தா டெம்போ இருக்கு. நீ சொல்லு" என்றார். உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்குப் போன் செய், திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பதிலை மட்டும் மாற்றிச் சொல்லச் சொல்லாதே, மாற்ற மாட்டேன்.

என்னைப் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்களாம். உனக்கு அப்போது காலை எட்டரை, ஃபேக்டரிக்குள் நுழைகிற நேரம். நான் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போது நீ அங்கே நேராக லைனுக்குப் போ. மெஷின் மெஷினாக நடந்து, யார் யாருக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
அம்மா